மோட்டார் கொட்டகையில் உன் குரல்

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அவரிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றபடி இது என் அக்காவுக்கு எழுதுவது. படிக்க அவள் இல்லை.

அக்கா, உன் பிஸ்கட் டின்னை இன்றைக்குத் திறந்தேன். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை. மூடியை நெம்பியதும் அந்த வாசம் வந்தது. ஈயக் கம்பியோடு சேர்ந்து உருகுமே பிசின், அந்த வாசம். சாம்பிராணி மாதிரி ஆரம்பித்துத் தொண்டையில் போய்க் கசக்கும். அம்மா அதை "ஒன் ஆபீஸ் நாத்தம்" என்பாள். இப்போது அதே அம்மா, டின் மூடியிருக்கும்போதே அலமாரிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் துணி மடிப்பதுபோல் நடிக்கிறாள்.

நம் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். விடிந்தால் சித்தப்பா கிணற்றுக்குள் இறங்கப் போகிறார். 

சனிக்கிழமை சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் வந்து, பெரம்பலூரில் இறங்கி, அரும்பாவூர் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடி, தலை கலைந்து வீடு வந்து சேர்வாய். துணிப்பை ஒரு தோளில், லேப்டாப் ஒரு தோளில். போர்டு மட்டும் இளஞ்சிவப்புக் கவரில் சுற்றி உன் மடியிலேயே வந்திருக்கும். விவசாயி போன் போட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், இரண்டை அழுத்தினால் நிற்க வேண்டும், எதையும் அழுத்தாவிட்டால் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும், அதற்கான போர்டு. "இதான் கடையிலயே விக்கிதே" என்று அப்பா கேட்டார். "அது விக்கிறதுங்கப்பா. இது இப்பதான் பொறக்கப் போவுது" என்றாய்.

கரண்ட் வந்து சிப் கண் விழித்ததும் முதலில் படிக்கிற புரோகிராமை எழுதுவதுதான் உன் வேலை. பர்ம்வேர் என்று சொல்லிக் கொடுத்தாய். நான் ஃபார்ம் வேர் என்று நினைத்துக்கொண்டு, விவசாயத்துக்கான சாமான் என்று பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டேன். வாரம் முழுக்க ஆபீசில் ஓட்டிப் பார்த்ததை நீ நம்புவதில்லை. "அங்க கரண்டு ஒழுக்கமா வரும். நம்மூரு கரண்ட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்" என்பாய்.

நம் படிப்பு மேசை முழுக்க ஒயராகக் கிடக்கும். மோட்டாருக்குப் பதிலாகக் குண்டு பல்பு ஒன்று. வண்ண வண்ண ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி ஒன்று. அதன் கிளிப்புகளை போர்டில் கடிக்க வைத்தால், எந்தக் கம்பியில் எப்போது துடிப்பு வந்தது என்று திரையில் மேடு பள்ளமாகக் காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது புரோப். பெருவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் பட்டைக் கம்பி வழியாக போர்டு. அதைச் செருகிவிட்டால், ஓடுகிற சிப்பைப் பாதி வழியில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று நீ எட்டிப் பார்ப்பாய். அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாய்.

என் வேலை சுவிட்ச் போர்டு. கரண்டை நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தி, தயங்கித் தயங்கி விடவேண்டும்.

"ஏ ஈ.பி.! கரண்ட்ட விடுடி!"

"பில்லு கட்டலயே நீங்க."

"ஏழ விவசாயிடி நானு. எலவசம்."

நான் கையைக் காலை ஆட்டி மழை, காற்று, மரம் விழுதல் எல்லாம் நடித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டுவேன். பல்பு அணைந்தே இருக்கும். நீ கேட்டால் மட்டும் எரியும். ஒவ்வொரு முறை சரியாக வரும்போதும் என் தலையில் ஒரு குட்டு வைப்பாய். அது பாராட்டு.

குரல் பதிவு செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விற்பனைக்கு வரும்போது யாராவது பயிற்சி பெற்றவர்கள் பேசுவார்கள், இப்போதைக்குச் சும்மா சோதிக்க உன் குரல் போதும் என்று சொன்னார்களாம். சத்தம் கேட்காமல் இருக்கப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு, "மோட்டார் ஓடுகிறது. மோட்டார் ஓடவில்லை" என்று செய்தி வாசித்தாய். அம்மா அடுப்படியிலிருந்து, "எவங்கூடடி போர்வைக்குள்ள பேசுற?" என்று கத்தினாள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, நல்லதாக ஒன்று கிடைப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது. "மோட்டார் ஓடவில்லை" என்பதற்குப் பின்னால் குக்கர் விசில் ஒன்று மாட்டிக்கொண்டது. "கெடக்கட்டும், டெஸ்டுக்குத்தானே" என்றாய்.

அந்த போர்டைத்தான் நம் கிணற்றடி மோட்டார் கொட்டகையில் மாட்டினாய். அப்பா முதல் தடவை போன் போட்டு, நீ பேசுவதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற உன்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தப்பாவுக்குத்தான் கேலி தாங்கவில்லை. "கல்யாணம் பண்ணிக் குடுத்தாலும் இவ நம்ம கொட்டாயிலதாண்ணே கெடப்பா. போன் போட்டா பேசுவா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

வாத்தியாரைப் பற்றி நீ கண்டுபிடித்தது அதற்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசையில் அதே மாதிரி இன்னொரு போர்டு. லேப்டாப்பில் சார்ஜ் தீரப் போகிறதென்று புரோப்பைப் பிடுங்கிவிட்டாய். நான் அதைக் கவனிக்காமல் என் பாட்டுக்கு சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன். போர்டில் டக்கென்று ஒரு சத்தம். பல்பு எரிந்தது. நீ கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. தானாக எரிந்தது.

நீ புரோப்பைச் செருகினாய். எவ்வளவு தட்டினாலும் எரியவில்லை. பிடுங்கினாய். கொஞ்ச நேரத்தில் டக். எரிந்தது. நீ சிரிக்கவும் இல்லை, குட்டவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னக்கா?"

"வாத்தியாரு வகுப்புல நின்னா எல்லாரும் கைய கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கானுங்க. வெளிய போனதும் ஆட்டம்."

புரியும்படி சொன்னாய். செருகியிருக்கும்போது அந்தப் புரோப்பே சிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது, துளி கரண்டும் கசிய விடுகிறது. அதனால் அது தடுமாறவே இல்லை. புரோப் இல்லாத இடத்தில், கரண்ட் தயங்கி வந்தால், சிப் பாதி விழித்துப் பாதி மயங்கி நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் மோட்டாரைத் தொடும் கம்பி யார் சொல்லும் கேட்பதில்லை. இத்தனை வாரமும் புரோப்போடு சோதித்து, எல்லாம் சரி என்று எழுதி வைத்திருந்தாய்.

"அப்ப மோட்டார் தானா ஓடுனா, போன்ல நீ ஓடுதுன்னுதான சொல்லுவ?" என்று கேட்டேன்.

"அதான் பயமே. பேசுற சிப்பு வேற, மோட்டாரத் தொடுற சிப்பு வேற. பேசுறதுக்கு ஒண்ணுமே தெரியாது புள்ள. கடைசியா என்ன கேட்டுச்சோ அதையே சொல்லிக்கிட்டிருக்கும்."

அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லை. "நாளைக்குக் கொட்டாயில இருக்கறதக் கழட்டிடுறேன். கழட்டற வரைக்கும் மெயின்ல பீஸ் கட்டைய புடுங்காம யாரும் கெணத்துல எறங்கக் கூடாது. அப்பாட்ட காலையில சொல்லிக்கறேன்" என்றாய். காலையில் உனக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஆஸ்பத்திரி. அங்கே நீ அப்பாவிடம் பேசியதெல்லாம் தண்ணீர் கேட்டதும், அம்மா எங்கே என்று கேட்டதும்தான்.

காரியம் முடிந்தபிறகு உன் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் உயரமாக இருந்த சார், "கொட்டகையில இருக்கற போர்டையும் கழட்டிக்கறோங்கப்பா. அது இன்னும் டெஸ்டிங்லதான் இருக்கு" என்றார். அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "அது மட்டும் கெடக்கட்டுங்க சார். புள்ள மாட்டுனது." அந்த சார் என்ன செய்வார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அழவில்லை அக்கா. எல்லாரும் சொல்கிறார்கள், தாங்கிக்கொண்டார் என்று. பகலில் வெங்காயம் நடுகிறார், ஆட்களுக்கு டீ வாங்கித் தருகிறார், சிரிக்கக்கூட செய்கிறார். ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு பொத்தான் போனில் எண்ணை அழுத்துகிறார். ஸ்பீக்கரில் போடுவார். மணி அடிக்கும். "மோட்டார் ஓடவில்லை" என்பாய். விசில் அடிக்கும். அப்பா, "செரிம்மா, தூங்கு" என்று சொல்லிவிட்டு வைப்பார். சில நாள் நடுச்சாமத்திலும் சத்தம் கேட்கும். சுவரில் காது வைக்கத் தேவையே இல்லை. அம்மா திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

உன் குரலை நான் அம்மா போனில் பதிவு செய்து அவரிடம் கொடுத்தேன். கொட்டகை போர்டு இல்லாவிட்டாலும் கேட்கலாமே என்று நினைத்தேன். ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "இது சும்மா பேசிக்கிட்டுல்ல இருக்கு. நான் கூப்ட்டா அவ எடுக்கணும்ல?"

நம் ஊரில் கிணற்றில் இறங்குகிற யாரும் முதலில் செய்வது என்ன என்று உனக்குத் தெரியும். மெயினை இறக்கி, ஃப்யூஸ் கம்பி வைத்த மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். மேலே யார் வந்தாலும், எந்தக் குழந்தை சுவிட்சைத் தொட்டாலும், கரண்ட் இவர் பையில் இருக்கும். சித்தப்பாவும் அப்படித்தான் செய்வார். நீ போன பிறகும் ஒருமுறை அப்படிச் செய்தார். வேலை முடித்து ஏறி, பீஸைத் திரும்பச் செருகினார். கரண்ட் வந்தது. கொஞ்ச நேரக் கரண்ட் கட்டுக்கெல்லாம் தானே எழுந்துவிடும் குரல், அன்றைக்கு வரவில்லை. அப்பா போட்டுப் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் சாயங்காலம் எப்படியோ தானாக உயிர் வரும்வரை அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. சித்தப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நீ அவ வாய அடைச்சிட்டடா."

அதிலிருந்து பீஸ் கட்டையில் யாரும் கை வைப்பதில்லை. எது செய்வதென்றாலும் அப்பா போன் போடுகிறார். நீ ஓடவில்லை என்று சொன்னால், "அவளே சொல்லிட்டா, எறங்கு" என்கிறார்.

 போன வாரம் பள்ளி விட்டு வரும்போது, விட்டு விட்டுக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. வரப்பில் வரும்போதே தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். கொட்டகையில் யாரும் இல்லை. அம்மா போன் என் பையில் இருந்தது. உனக்குப் போட்டேன். குழாயிலிருந்து தண்ணீர் என் காலில் தெறித்துக்கொண்டிருக்க, நீ என் காதில் சொன்னாய், "மோட்டார் ஓடவில்லை." விசில். நான் ஓடி வந்து சொன்னதற்கு அப்பா, "பாத்தி கட்டுறவன் எவனாச்சும் போன் போட்டிருப்பான். நீ சரியா கேட்டிருக்க மாட்ட" என்றார்.

இன்றைக்கு சித்தப்பா ரெட்டிபாளையம் பேக்டரியில் ஷிப்டு முடித்து, தலையெல்லாம் சிமென்ட் பூத்து நேரே இங்கே வந்தார். கிணற்றில் படிக்கட்டு முடிகிற இடத்தில் மோட்டார் கேபிளின் ஜாயின்ட் டேப் உரிந்து தொங்குகிறதாம். சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தார்.

"விடியக்காலம் வெயிலு ஏர்றதுக்குள்ள எறங்கி சுத்திட்டு வந்துர்றேண்ணே. பிரிச்சித்தான் சுத்தணும்."

"எறங்கு. நான் மேல நின்னு போன் போடுறேன். அவ சொன்னதும் கைய வையி."

பிரித்துச் சுற்றுவது என்றால் செம்புக் கம்பியை வெறும் கையில் பிடிப்பது.  "பீஸ புடுங்கிட்டு எறங்குங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா நிமிர்ந்தார். "என்ன?"

"அந்த போர்டு பொய் சொல்லுதுங்கப்பா. அக்காவே சொன்னா. கழட்டணும்னு சொன்னா."

"எப்ப சொன்னா?"

"காய்ச்சலுக்கு முந்துன நாளு."

"எங்கிட்ட சொல்லலியே."

"காலையில சொல்றேன்னாப்பா. அதுக்குள்ள..."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரல் உடைந்து, "எம்மவ பொய் சொல்லுறாங்குறியா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சித்தப்பாதான், "விடு புள்ள. ஒங்க சித்தி சோத்தத் தின்னே பொழச்சிக் கெடக்கேன். கரண்டா என்னைக் கொல்லும்?" என்றார். 

பிறகு குழாயடியில் வந்து என் காதோரம் சொன்னார். "எனக்கும் பயந்தான் புள்ள. ஆனா அண்ணன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? அன்னிக்கு நான் பீஸ புடுங்குனதுக்கே அது ஒடம்பு எப்படி ஆயிடுச்சின்னு பாத்தீல்ல." வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு இங்கேயே படுத்துவிட்டார். இப்போதும் அவர் குறட்டை கேட்கிறது.

நான் உன் டின்னைத் திறந்தது டெஸ்டரை எடுக்கத்தான் அக்கா. எல்லாரும் படுத்ததும் பின்பக்கமாகப் போனேன். சோளத்தட்டை உரசும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்றேன். கொட்டகையில் உன் போர்டின் பச்சை விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. போன் போட்டேன். பெட்டிக்குள் அந்த விளக்கு சிவப்பாகி, நீ எடுத்தாய். ஓடவில்லை என்றாய். விசில் முடியும்வரை கேட்டேன். ஒருமுறை ரொம்ப நேரம் நின்று போனால் அந்த போர்டு மறுபடி எழுமா என்று யாருக்கும் தெரியாது. போனமுறை எழுந்தது. இந்தமுறை நான் நிறுத்தினால், அப்பாவுக்கு நீ இரண்டாம் தடவையாகப் போய்விடலாம். அதை நான் செய்ததாக ஆகும்.

ஆனால் செம்புக் கம்பியைப் பிடிக்கப் போவது சித்தப்பாவின் கை.

மெயினை இறக்கினேன். பச்சை விளக்கு போய்விட்டது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தேன். பிறகு மூன்று கட்டைகளையும் பிடுங்கினேன். பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

காலையில் அப்பா போன் போடுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எழுதிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். உனக்கே எழுதும்படி ஆகிவிட்டது.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம்தான். எது ஒழுங்காக இருக்கிறதோ அதை நம்ப முடிவதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது அது எப்படி இருக்கும் என்று மனசு போய் நிற்கிறது. வகுப்பில் சிரிக்கிற பெண்களைப் பார்த்தாலும் அப்படி. அம்மாவைப் பார்த்தாலும் அப்படி. ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டு நிற்கிற அப்பாவை மட்டும் என்னால் பார்க்கவே முடிவதில்லை. எல்லாரும் தாங்கிக்கொண்டார் என்கிறார்கள். நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் அப்படித் தெரிகிறது. ராத்திரியில் அவரை எது தாங்குகிறது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒருவேளை நாளையிலிருந்து அந்த இடத்தில் நான் படுக்க வேண்டியிருக்கும். அவர் கூப்பிட்டால் எடுக்கும்படி பக்கத்தில்.

கட்டில் கிறீச்சிடுகிறது. எழுந்துவிட்டார்.

பொத்தான் சத்தம். ஸ்பீக்கரில் வேறு யாரோ ஒரு பெண், நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள். மறுபடி பொத்தான். மறுபடி அதே பெண். அவர் அவளை முழுதாகப் பேச விடவில்லை. மறுபடி.

செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போகும் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் வருகிறது.

தட்டுகிறார்.

"பாப்பா. தூங்கிட்டியாம்மா? அக்கா போன எடுக்க மாட்டேங்குறா."

திறக்கிறேன் அக்கா. அவரிடம் நானே